தையல்கார அக்காவோட நகம்

நேத்து சாயங்காலம் டியூட்டி முடிச்சு வர்ற வழியில, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்ல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு தம்பி. 25 வயசு இருக்கும். ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

மதுரையில. ஏப்ரல் மாசத்துல. ஸ்வெட்டர்.

"அண்ணே, காய்ச்சல் மறுபடி வந்திருச்சு. போன தடவ குடுத்தீங்கல்ல, அதையே குடுங்க."

கடைக்காரர் ஒண்ணும் கேக்கல. அசித்ரோமைசின் அட்டையில மூணு, பாராசிட்டமால்ல ஆறு, கத்திரிக்கோலால வெட்டி கவர்ல போட்டுட்டாரு. எனக்கு மனசு கேக்கல.

"எத்தன நாளா தம்பி காய்ச்சல்?"

"அஞ்சு வாரமாச்சுக்கா. டைபாய்டுன்னு சொன்னாங்க. மாத்திரை போட்டா நாலு நாள் விடுது. முடிஞ்சதும் மறுபடி வந்துருது."

"ரத்தத்துல கல்ச்சர் எடுத்தாங்களா?"

"ரத்தம் எடுத்தாங்கக்கா. டைபாய்டு பாசிட்டிவ்."

நான் கேட்டது ஒண்ணு, அந்தத் தம்பி சொன்னது வேற ஒண்ணு. அவன் மேல தப்பே இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு அவனுக்கு யாரும் சொன்னதில்ல.

ராத்திரி சரியா தூக்கம் வரல. அதான் இதை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

(புதுசா வர்றவங்களுக்கு: நான் ஸ்டாஃப் நர்ஸ். 22 வருஷ சர்வீஸ், அதுல 14 வருஷம் இதய வார்டு. டாக்டர் இல்ல. ஆனா நோயாளி பக்கத்துல அதிக நேரம் நிக்கறது நாங்கதான்.)

"மாத்திரை போட்டா விடுது, நிறுத்தினா வருது." இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வரும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க வார்டுக்கு வந்தாங்க. 34 வயசு. உசிலம்பட்டிப் பக்கம் வீட்லயே ஜாக்கெட் தைக்கிறவங்க. ஏழு வாரமா காய்ச்சல். ஆறு கிலோ எடை குறைஞ்சு போச்சு. ராத்திரியில தலையணை நனையற அளவுக்கு வேர்வை. மொதல்ல டைபாய்டுன்னு ரெண்டு கோர்ஸ் மாத்திரை. அப்புறம் ஒரு இடத்துல மூணு நாள் ஊசி. அப்புறம் டிபியா இருக்குமோன்னு சளி டெஸ்ட், எக்ஸ்ரே. அதுல ஒண்ணும் இல்ல. கடைசியா மூச்சு வாங்குதுன்னு எங்ககிட்ட வந்தாங்க.

ஆக்சிமீட்டர் மாட்ட கையைப் பிடிச்சேன். நகத்துல மருதாணி. போட்டு ரொம்ப நாளாயிருக்கும், நகம் வளர்ந்து பாதி வரைக்கும் மேல ஏறிருந்துச்சு. அடிப்பக்கம் புது நகம் வெளுப்பா தெரிஞ்சுது.

அந்த வெளுத்த பாகத்துல ஒரு கோடு. மரச்சிராய் ஏறின மாதிரி, மெல்லிசா, செம்பழுப்பு நிறத்துல, விரல் நீளத்துக்கு நேரா. மோதிர விரல்ல ஒண்ணு, நடுவிரல்ல ரெண்டு.

"இது என்னக்கா?"

"ஊசி குத்திருக்கும் சிஸ்டர். நம்ம பொழப்பே அதானே. விரல் நுனியும் வலிக்குது, துணியைத் தள்ளிப் பிடிக்கவே முடியல."

நியாயமான பதில். தையல்காரங்க விரல்ல ஊசி குத்தாம இருக்குமா? விரல் நுனியை லேசா அமுக்கிப் பாத்தேன். ஆள்காட்டி விரல் சதையில பட்டாணி மாதிரி ஒரு சின்ன வீக்கம். தொட்டதும் கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க.

அப்புறம் போர்வையை விலக்கி கால் விரலைப் பாத்தேன். அங்கயும் அதே கோடு.

கால் நகத்துல யாரு ஊசி குத்திக்கிறாங்க?

அந்த நேரம் பக்கத்துல அவங்க மாமியார் நின்னுக்கிட்டிருந்தாங்க. நல்ல மனுஷி, ராப்பகலா கூடவே இருந்தாங்க. "அம்மா, கீழ கேன்டீன்ல ஒரு காபி வாங்கிட்டு வர்றீங்களா, இவங்களுக்குத் தெம்பா இருக்கும்"னு அனுப்பி வச்சேன். அவங்க கதவு தாண்டினதும் குனிஞ்சு கேட்டேன்.

"அக்கா, சின்ன வயசுல மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து, மாசா மாசம் இடுப்புல ஊசி போட்டிருக்காங்களா?"

அவங்க கண்ணுல தண்ணி வந்திருச்சு.

"பெரியாஸ்பத்திரியில 21 நாளைக்கு ஒரு ஊசி போட்டாங்க சிஸ்டர். வால்வு கெட்டுப்போச்சுன்னாங்க. கல்யாணம் பேசுறப்ப அம்மா நிறுத்திட்டாங்க. இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க."

ஏழு வாரம், அஞ்சு டாக்டர்கிட்ட போயிருக்காங்க. அஞ்சு இடத்துலயும் மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்துல இருந்திருக்காங்க. அஞ்சு இடத்துலயும் இந்த ஒரு விஷயம் தொண்டையிலயே நின்னுருச்சு. நம்ம ஊர்ல ஒரு பொண்ணுக்கு இதயக் கோளாறுன்னு தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு நமக்குத் தெரியாதா? அந்த அம்மா பயந்ததை நான் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.

(அந்த 21 நாள் ஊசி பத்தி ஒரு வார்த்தை. அது பெனிசிலின். மூட்டு வீங்கி வர்ற அந்த ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்காம இருக்கறதுக்கு. வால்வு பாதிச்சவங்க குறைஞ்சது 40 வயசு வரைக்கும் போடணும், சிலர் ஆயுசுக்கும். கல்யாணத்தோட நிறுத்துற ஊசி இல்ல அது. ஆனா நான் இன்னைக்கு பேசுற தொற்றை அந்த ஊசி தடுக்காது, அது வேற கணக்கு.)

இப்ப இது என்ன நோய்னு சொல்லிடறேன். டாக்டருங்க எண்டோகார்டைட்டிஸ்னு சொல்வாங்க. இதய வால்வுல கிருமி குடியேறிடறது.

எங்க அப்பா வீட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் உண்டு. மதகு ஷட்டர் நல்லா இருந்தப்ப தண்ணி வழுக்கிட்டுப் போகும். ஒரு வருஷம் லாரி மோதி ஷட்டர் வளைஞ்சு போச்சு. அந்த வளைஞ்ச இடத்துல தண்ணி பீச்சி அடிக்கும். அடிச்ச அடியில ஓரத்து சிமெண்ட் பேந்து சொரசொரன்னு ஆச்சு. அப்புறம் அங்கதான் எல்லா நாரும் துணியும் ஆகாயத்தாமரையும் வந்து சிக்கும். சிக்கினது மேல பாசி. பாசி மேல இன்னும் குப்பை.

வால்வுலயும் இதேதான். கெட்டுப்போன வால்வு வழியா ரத்தம் பீச்சி அடிக்கறப்ப உள்தோல் பேந்துரும். அதை மூட ரத்தத்தட்டுகளும் ஃபைப்ரின் நாரும் வந்து ஒட்டும். அந்த நேரம் ரத்தத்துல ஒரு கிருமி மிதந்து வந்தா அங்க சிக்கிக்கும். கிருமி எங்க இருந்து வரும்? பெரும்பாலும் நம்ம வாயில இருந்தேதான். ஈறு கெட்டிருந்தா, பல் விளக்கறப்ப, ஏன் மெல்லும்போது கூட கிருமி ரத்தத்துல கலக்கும். நல்ல வால்வு இருக்கறவங்களுக்கு அது சில நிமிஷத்துல செத்துப் போயிரும். வளைஞ்ச ஷட்டர் இருக்கறவங்களுக்கு அங்கயே கூடு கட்டிரும். அந்தக் கூட்டுக்கு வெஜிடேஷன்னு பேரு.

வால்வுக்குன்னு தனியா ரத்தக்குழாய் கிடையாதுன்னே சொல்லலாம். அதனால உடம்போட காவல்காரங்க கூட்டுக்குள்ள போக முடியாது. மாத்திரை மருந்தும் மேலோட்டமா இருக்கறதைக் கொல்லும், காய்ச்சல் விடும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். மாத்திரை முடிஞ்ச நாலாம் நாள் மறுபடி கிளம்பும்.

மாத்திரை போட்டா விடுது. நிறுத்தினா வருது. இப்ப புரியுதா?

அந்த அக்காவுக்கு கடைவாய்ப் பல்லு ஒண்ணு உடைஞ்சு சொத்தையா இருந்துச்சு. ரெண்டு வருஷமா கிராம்பு வச்சு ஓட்டியிருக்காங்க.

இதுல எனக்கு இருக்கற பெரிய ஆத்திரம் டைபாய்டுக்கு எடுக்கற விடால் டெஸ்ட் மேல. ஃபெர்னாண்ட் விடால்ங்கற பிரெஞ்சு டாக்டர் 1896-ல கொண்டு வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், அவரை நான் மதிக்கிறேன். ஆனா அந்த டெஸ்ட் கிருமியைக் காட்டறதில்ல, கிருமிக்கு எதிரா உடம்பு செஞ்சு வச்சிருக்கற பொருளைக் காட்டுது. டைபாய்டு பரவலா இருக்கற நம்ம ஊர்ல, எப்பவோ வந்து போனவங்களுக்கும் அது லேசா பாசிட்டிவ் காட்டும். வேற காய்ச்சலுக்கும் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த விடாலை வச்சு டைபாய்டுன்னு முத்திரை குத்தறது, அதுக்கு மாத்திரை, அப்புறம் "திரும்பவும் டைபாய்டு"ன்னு இன்னொரு மாத்திரை... எத்தனை வீட்ல கேட்டிருப்பீங்க, "எனக்கு வருஷத்துக்கு மூணு தடவை டைபாய்டு வரும்"னு? ஒவ்வொரு தடவை அதைக் கேக்கறப்பவும் எனக்கு வயித்தைப் பிசையும்.

ஏன்னா அந்த மாத்திரை ரெண்டு கெடுதல் பண்ணுது. நோயை மூடி வைக்குது. இன்னொண்ணு, அப்புறமா நாங்க ரத்தத்தை எடுத்து கல்ச்சர் (கிருமியை லேப்ல வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) போட்டாலும் கிருமி வளராது. கிருமி பேரு தெரியலன்னா எந்த மருந்து, எவ்வளவு நாள்னு டாக்டர் இருட்டுல தடவணும். கல்ச்சர்ல ஒண்ணுமே வளராம போறதுக்கு முக்கியமான காரணமே முன்னாடி போட்ட ஆன்டிபயாடிக்தான்.

கல்ச்சர் எடுக்கறது பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். இது என் வேலை. இதுல நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கல்ச்சர் எழுதினா, ஏற்கனவே கையில போட்டிருக்கற வென்ஃப்ளான்ல இருந்தே மூணு எம்எல் இழுத்து ஒரு பாட்டில்ல விட்டுருவேன். நோயாளிக்கு இன்னொரு குத்து மிச்சம்னு நினைச்சேன். இரக்கப்பட்டுதான் செஞ்சேன். ரிசல்ட் வரும்: தோல்ல இருக்கற சாதாரணக் கிருமி. அது நிஜமா ரத்தத்துல இருந்ததா, என் கையில இருந்து போனதா, அந்த வென்ஃப்ளான் மூடியில இருந்து வந்ததா? யாருக்கும் தெரியாது. மூணு நாள் காத்திருந்து வந்த ரிசல்ட் வீண். ஒரு தடவை மைக்ரோபயாலஜி மேடம் என்னை லேபுக்கே கூப்பிட்டு, திட்டாம, பொறுமையா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கும் அதே முறைதான்.

ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்னாடி எடுக்கணும். மூணு செட். ஒரு செட்னா ரெண்டு பாட்டில், பெரியவங்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டுல இருந்து பத்து எம்எல். ஒவ்வொரு செட்டும் வேற வேற இடத்துல புதுசா குத்தி எடுக்கணும். முதல் குத்துக்கும் கடைசிக் குத்துக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி. தோலைத் துடைச்சதும் உடனே குத்தக் கூடாது, தானா காயணும். காயறதுதான் கிருமியைக் கொல்லுது. காஞ்சதுக்கப்புறம் நரம்பு எங்கன்னு மறுபடி விரலால தடவினா, மொதல்ல இருந்து துடைக்கணும். பாட்டில் மூடியையும் ஸ்பிரிட்ல துடைக்கணும் (நிறைய பேர் விட்டுடறது இது).

ரத்தத்தோட அளவுதான் முக்கியம். ஒரு எம்எல் ரத்தத்துல ரெண்டே ரெண்டு கிருமி இருக்கலாம். மூணு எம்எல் மட்டும் எடுத்தா தப்பிச்சிரலாம்.

சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க. "ஏற்கனவே ரத்தம் இல்லாம வெளுத்துக் கிடக்கா, ஆறு பாட்டில் எடுக்கறீங்களே?" அவங்க பதட்டம் எனக்குப் புரியும். மொத்தம் 60 எம்எல்தாம்மா, அரை டம்ளர் காபி கூட வராது, ரத்ததானம் பண்றவங்க 350 எம்எல் குடுத்துட்டு நடந்து வீட்டுக்குப் போறாங்கன்னு பாட்டிலைக் காட்டி சொல்லுவேன். காட்டினா ஒத்துக்குவாங்க.

இன்னொண்ணு. குளிர் நடுக்கம் வர்ற நேரம் பாத்துத்தான் எடுக்கணும்னு எங்களுக்குப் படிக்கறப்ப சொல்லித் தந்தாங்க. இந்த நோய்ல அதுக்குக் காத்திருக்கவே வேணாம். வால்வுல இருந்து கிருமி 24 மணி நேரமும் ரத்தத்துல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். காய்ச்சல் இல்லாத நேரத்துலயும் கிடைக்கும்.

இதே நோய் வந்தவர் குஸ்டாவ் மாலர்னு ஒரு ஆஸ்திரிய இசையமைப்பாளர். எங்க கார்டியாலஜி சார் ஒரு வகுப்புல அவர் கதையைச் சொன்னாரு, எனக்கு மறக்கவே இல்ல. 1907-ல அவருக்கு வால்வு கோளாறு இருக்கறது தெரிஞ்சுது. 1911 பிப்ரவரியில நியூயார்க்ல காய்ச்சலோடயே மேடையேறி கச்சேரி நடத்தினாரு. இம்மானுவேல் லிப்மன்ங்கற டாக்டர் வந்து பாத்து சந்தேகப்பட்டாரு, அவரோட உதவியாளர் ஜார்ஜ் பேர் ரத்தம் எடுத்து கல்ச்சர் போட்டாரு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்துச்சு. நோய் இன்னதுன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சுபோச்சு. ஆனா மருந்து இல்ல. பெனிசிலின் வர இன்னும் 30 வருஷம் இருந்துச்சு. அதே வருஷம் மே 18, வியன்னாவுல, 50 வயசுல செத்துப்போனாரு.

அன்னைக்கு நியூயார்க்ல ரத்தம் எடுத்தாங்க, மருந்து இல்ல. இன்னைக்கு எங்க வார்டு ஃப்ரிட்ஜ்ல மருந்து இருக்கு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே மூணு கோர்ஸ் மாத்திரை உள்ள போயிருக்கு. நான் கோவப்படாம எப்படி இருக்கறது?

சரி, அக்கா கதைக்கு வர்றேன்.

டாக்டர்கிட்ட நகம், விரல் நுனி, பழைய ஊசி எல்லாத்தையும் சொன்னேன். அவர் கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பாத்தாரு, அங்கயும் ரெண்டு சிவப்புப் புள்ளி. ஸ்டெத் வச்சாரு, ரத்தம் பின்னாடி கசியற சத்தம். யூரின்ல கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம். மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டுச்சு. மூணு செட் கல்ச்சர் எடுத்தோம். நெஞ்சு மேல வச்சு எடுக்கற எக்கோவுல சரியா தெரியல. அப்புறம் தொண்டை வழியா குழாய் விட்டு எடுக்கற எக்கோ. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாடியே ஒட்டிப் போறதால அதுல துல்லியமா தெரியும். மைட்ரல் வால்வுல 14 மில்லிமீட்டர் கூடு, ஒவ்வொரு துடிப்புக்கும் கொடி மாதிரி ஆடிக்கிட்டு.

இந்த விரல் நுனி வலி வீக்கம் இருக்கே, அதுக்கு ஆஸ்லர் முடிச்சுன்னு பேரு. 1885-லயே லண்டன்ல இந்த நோயைப் பத்தி தொடர் உரை நடத்தின வில்லியம் ஆஸ்லர் பேரு. உள்ளங்கையில வலிக்காத செந்திட்டு வந்தா அதுக்கு ஜேன்வே பேரு. டாக்டருங்க இதெல்லாம் சேத்து ஒரு கணக்குப் போடுவாங்க, டியூக் அளவுகோல்னு, 1994-ல அமெரிக்காவுல வந்தது, 2023-ல திருத்தினாங்க. கல்ச்சரும் எக்கோவும் பெரிய மார்க். காய்ச்சல், பழைய வால்வு கோளாறு, விரல் நுனி முடிச்சு, கண்ணு எல்லாம் சின்ன மார்க். ஆனா சின்ன மார்க்கைப் பாத்தாத்தான் பெரிய மார்க்குக்கு ஆள் அனுப்பவே தோணும். இப்பல்லாம் நோயாளிங்க சீக்கிரமே வந்துடறதால நகத்துக் கோடெல்லாம் நிறைய பேருக்கு இருக்கறதில்ல. கோடு இல்லங்கறதால நோய் இல்லன்னு ஆகிடாது.

இரண்டாம் நாளே கிருமி வளர்ந்திருச்சுன்னு கல்ச்சர் மெஷின் கத்துச்சு. கடைசி ஊசி போட்டு பத்து நாளுக்கு மேல ஆகியிருந்ததால தப்பிச்சோம். வாய்க்கிருமிதான். பெனிசிலின், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி ரெண்டு மணிக்கும்.

மூணாம் நாள் காலையில, ஆறே கால் இருக்கும். காபி டம்ளரைக் குடுத்தேன். வலது கையால வாங்கினாங்க. டம்ளர் அப்படியே நழுவி மடியில கொட்டிருச்சு. "சுட்டுருச்சாக்கா?"ன்னு கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாங்க. சத்தம் வந்துச்சு, வார்த்தை வரல.

கூட்டுல இருந்து ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போயிருச்சு. மதகுல சிக்கின குப்பை பிச்சுக்கிட்டுப் போயி கீழ யாரோ வயல் மடையை அடைக்கற மாதிரி.

இதை வாசிக்கறவங்கள்ல வார்டுல வேலை பாக்கறவங்க இருந்தா உங்ககிட்ட கெஞ்சிக் கேக்கறேன். சின்ன வயசுல பக்கவாதம்னு வந்தா, வெப்பமானியை வச்சுப் பாருங்க. காய்ச்சல் இருந்தா வால்வை நினைங்க. சாதாரண பக்கவாதத்துக்குப் போடற கட்டி கரைக்கற ஊசியை இவங்களுக்குப் போட்டா மூளையில ரத்தம் கசியற ஆபத்து அதிகம். சரியான மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரம்தான் துணுக்கு பிய்யற பயம் ரொம்ப. அதுக்கப்புறம் படிப்படியா குறையும். மூளைக்குத்தான் போகும்னு இல்ல. மண்ணீரலுக்குப் போனா இடது விலாவுக்குக் கீழ வலி. சிறுநீரகம், கால், கண்ணு, எங்க வேணா.

அக்காவுக்கு ஸ்கேன்ல சின்ன அடைப்புதான், ரத்தக்கசிவு இல்ல. அந்த வாரமே ஆபரேஷன். கெட்ட வால்வை எடுத்துட்டு உலோக வால்வு வச்சாங்க.

ஆபரேஷன் பத்தி எழுதறப்ப இன்னொரு தம்பி ஞாபகம் வர்றான். போன வருஷம். லோடு வண்டி டிரைவர், 29 வயசு. அயோர்ட்டிக் வால்வுக்கு மூணு இதழ் இருக்கணும், அவனுக்கு பிறவியிலேயே ரெண்டு. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி இருக்கும், பல பேருக்கு ஆயுசுக்கும் தெரியாது. அவனுக்கு மருந்து போயிக்கிட்டிருந்துச்சு. காய்ச்சல் குறைஞ்சு, சாப்பிட ஆரம்பிச்சு, "எப்பக்கா வீட்டுக்கு"ன்னு கேக்கற அளவுக்குத் தெளிஞ்சிருந்தான்.

எங்க வார்டுல இந்த நோயாளிங்களுக்கு தினமும் ஈசிஜி எடுப்போம். சேர்ந்த அன்னைக்கு அவனோட பிஆர் இடைவெளி (இதயத்தோட மேலறையில இருந்து கீழறைக்கு கரண்ட் போற நேரம்) நாலு சின்னக் கட்டம். அஞ்சு கட்டம் வரைக்கும் சரி. நாலாம் நாள் ஆறு. அஞ்சாம் நாள் காலையில ஸ்கேல் வச்சு எண்ணினேன், ஏழரை. ஆளு என்னமோ சிரிச்சுக்கிட்டு இட்லி சாப்பிடறான். பேப்பர்ல மட்டும் இதயம் தடுமாறுது. இதயத்தோட கரண்ட் வயர் அயோர்ட்டிக் வால்வை ஒட்டித்தான் போகுது. வால்வுல இருந்து சீழ் பக்கத்துச் சுவருக்குப் பரவினா முதல்ல அந்த வயரைத்தான் அரிக்கும். டாக்டர் உடனே எக்கோ பாத்தாரு, வால்வு அடியில சீழ்க்கட்டி. அன்னைக்கு ராத்திரியே தியேட்டர். பொழச்சுக்கிட்டான். பொங்கலுக்கு கரும்பு கொண்டாந்து குடுத்துட்டுப் போனான்.

எல்லாரும் அப்படிப் பொழைக்கல.

இதை நான் எங்கயும் எழுதினதில்ல. இதய வார்டுக்கு வந்த முதல் வருஷம். ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒரு ஐயா, 71 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி ப்ராஸ்டேட்டுக்கு டியூப் போட்டு எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் முதுகு வலி, லேசா காய்ச்சல், சில நாள் அதுவும் இல்ல. வயசானவங்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே இந்த நோய் வரும், முதுகு வலியா மட்டும் வரும், எனக்கு அப்ப தெரியாது. நாலு நாள் அவருக்கு முதுகுல மருந்து தடவிவிட்டேன். கேஸ் ஷீட்ல அதை எழுதி என் கையெழுத்தும் போட்டேன். அஞ்சாம் நாள் ராத்திரி கேட்டாரு, "இன்னொரு தலையணை இருந்தா குடும்மா, படுத்தா ஒரு மாதிரியா இருக்கு."

குடுத்தேன். தலைக்கு சரியா வச்சு, விளக்கை அணைச்சுட்டு வந்துட்டேன்.

விடியக்காலை நாலு மணிக்கு நுரையீரல் முழுக்க தண்ணி. வால்வு கிழிஞ்சிருந்துச்சு. குடல்லயும் சிறுநீர்ப் பாதையிலயும் இருக்கற என்டரோகாக்கஸ் கிருமின்னு அவர் போனதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. இந்த நோய்ல ஆளைக் கொண்டு போறது அதிகமா இதுதான், வால்வு கிழிஞ்சு இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம போறது.

இன்னைக்கு என் வார்டுல யார் ரெண்டாவது தலையணை கேட்டாலும், தலையணையோட சேத்து டாக்டரையும் கூட்டிட்டுத்தான் போவேன். என் ஜூனியர் பிள்ளைங்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிடுவேன்.

உங்ககிட்ட கேக்கறது ரொம்பக் கொஞ்சம். வால்வு கோளாறு இருக்கா, வால்வு மாத்தியிருக்கா, பேஸ்மேக்கர் இருக்கா, சின்ன வயசுல அந்த 21 நாள் ஊசி போட்டிருக்கா, டயாலிசிஸ் ட்யூப் இருக்கா? காய்ச்சல்னு போனா டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே அதுவா இருக்கட்டும். வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்ல முடியலன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. ஒரு வாரத்துக்கு மேல காரணம் தெரியாத காய்ச்சல்னா, ஆன்டிபயாடிக் எழுதறதுக்கு முன்னாடி "கல்ச்சர் எடுக்கலாமா சார்?"னு கேளுங்க. கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல. செயற்கை வால்வு இருக்கறவங்களும், ஒரு தடவை இந்தத் தொற்று வந்தவங்களும், பல்லுப் பிடுங்கப் போறப்ப பல் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும், ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்க மாத்திரை தருவாங்க. மத்தவங்களுக்கு வேணுமா வேணாமான்னு இதய டாக்டர் முடிவு பண்ணட்டும். ஆனா சொத்தைப் பல்லுக்கு கிராம்பு வச்சு ரெண்டு வருஷம் ஓட்டறதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

தையல்கார அக்கா நல்லா இருக்காங்க. கை பழையபடி வர எட்டு மாசம் ஆச்சு. முதல்ல பட்டன் போட்டுப் பழகினாங்க, அப்புறம் ஹெம்மிங், அப்புறம் மெஷின். ராத்திரி அமைதியா இருக்கறப்ப வால்வு டிக் டிக்னு சத்தம் போடறது வீட்டுக்காரருக்குக் கேக்குமாம். மாமியாருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைக்கு மாசா மாசம் டெஸ்ட் எடுக்க அவங்கதான் கூட்டிட்டு வர்றாங்க, நோட்டுல ரிசல்ட் எழுதறதும் அவங்கதான். போன தடவை வந்தப்ப என் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொன்னாங்க: "முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஊசிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே தாயி."

அந்த ஸ்வெட்டர் தம்பி?

கடையிலயே அவனை ஓரமா நிக்க வச்சு, பாராசிட்டமாலை மட்டும் போட்டுக்கச் சொல்லி, எங்க ஓபி நேரத்தை எழுதிக் குடுத்தேன். வருவானோ மாட்டானோன்னு இருந்துச்சு. இன்னைக்குக் காலையில எட்டரைக்கே வந்து உக்காந்திருந்தான், அவங்க அம்மாவோட. அசித்ரோமைசின் கவர் பிரிக்காம சட்டைப் பையில இருந்துச்சு. டாக்டர் பாத்தாரு. லேசா ஒரு முணுமுணுப்பு கேக்குதுன்னாரு, வேற காரணமாவும் இருக்கலாம்னாரு. நிதானமா இருக்கான், அதனால உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டாம், கல்ச்சர்ல வரலன்னா ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி எடுக்கலாம்னு வார்டுல சேத்துக்கிட்டாரு.

மூணு செட்டும் நானே எடுத்தேன். ரெண்டு கையிலயும். தோல் காயற வரைக்கும் அவன் ஃபோன்ல இருந்த நாய்க்குட்டி படத்தைக் காட்டிக்கிட்டு இருந்தான். நகத்துல ஒண்ணும் இல்ல, காலையும் பாத்தேன்.

பாட்டில் ஆறும் மதியத்துல இருந்து லேப் மெஷின்ல சுத்திக்கிட்டு இருக்கு. இதை எழுதறதுக்கு நடுவுல ரெண்டு தடவை லேபுக்கு ஃபோன் போட்டுட்டேன். "இன்னும் ஒண்ணும் கத்தல சிஸ்டர், கத்தினா நானே கூப்பிடறேன்"னு அந்தப் பையன் சொல்றான்.